ஊசிப்பள்ளத்துக்கு ரெண்டு இஞ்சு

அக்டோபர் 15, ஞாயிறு

காலையில் காருக்கு அடியில் போய்ப் படுத்த என் வீட்டுக்காரர் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. ஆறடி ஆள். முழங்காலுக்குக் கீழே உள்ளது மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. தோசை ஆறுகிறது என்று அந்தக் கால்களிடம் இரண்டு முறை சொன்னேன்.

எழுந்து வந்து கையைக் கழுவிக்கொண்டே சொன்னார். "அம்மிணி, வண்டிக்கு அடீல தகடு நல்லா நசுங்கிக் கெடக்குது. கல்லு மேல ஒக்காந்த மாதர."

"அப்படீங்களா" என்றேன்.

"தோப்புக்குப் போறப்ப நாந்தான் எங்கியோ பாக்காம உட்டுட்டனாட்ட இருக்குது. வயசாகுதல்ல."

பாவமாக இருந்தது. கேட்காமலே இன்னொரு தோசை வைத்து நெய்யும் விட்டேன்.

சாப்பிட்டு முடித்துத்தான் விஷயத்துக்கு வந்தார். வண்டியை ரெண்டு இஞ்சு தூக்கிவிடப் போகிறாராம். ஸ்பிரிங்கை மாற்றி உடம்பை மேலே ஏற்றிவிட்டால் கல் இடிக்காதாம். போன வருஷம் மின்வாரியத்திலிருந்து ஓய்வு பெற்ற கையோடு ஒரு டாக்டரிடம் வாங்கிய பழைய கார் இது. டாக்டர் அதை வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு மட்டும் ஓட்டியிருக்கிறார். நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் வண்டி என்பதற்காகவே இவர் வாங்கினார். எங்கள் தென்னந்தோப்பு மலையடிவாரத்தில் இருக்கிறது. போகும் வழியில் ஊசிப்பள்ளம் என்று ஓர் ஓடை. அதற்குப் பாலம் வரும் வரும் என்று என் மாமனார் காலத்திலிருந்து சொல்கிறார்கள்.

"எதுக்குங்க தூக்கணும்? நல்லாத்தான இருக்குது" என்றேன்.

"யோசிச்சுச் சொல்லு" என்றார். வண்டி விஷயத்தில் என்னிடம் யோசனை கேட்டது கல்யாணமானதிலிருந்து இதுதான் முதல் தடவை.

எனக்கும் காருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது என்பது ஊரறிந்த விஷயம். லைசென்ஸ் வாங்கிய புதிதில், மகளுடைய காதுகுத்து அன்று, சொந்தபந்தம் எல்லாம் பார்த்திருக்க, பழைய காரை ரிவர்ஸ் எடுத்து எங்கள் வீட்டு இரும்புக் கேட்டைத் தூணோடு சாய்த்தேன். என் தம்பி லோகு அன்று முதல் என்னை 'கேட் அக்கா' என்றுதான் கூப்பிடுகிறான். இனி ஸ்டீயரிங்கைத் தொடமாட்டேன் என்று அன்றைக்கே எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். சொன்னது சொன்னதுதான்.

ஊசிப்பள்ளத்தின் இடது கரையோரம் இருக்கும் கல், போன வாரத்துக்கு முந்தின வாரம் அங்கே இல்லை என்பதை மட்டும் எழுதி வைக்கிறேன். மழைத்தண்ணீர் உருட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும். எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்க இந்த நாட்குறிப்புக்கு வாய் இல்லை.

அக்டோபர் 18, புதன்

பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புக்குக் கோணங்கள் நடத்தினேன். ஒருத்திக்கும் ஏறவில்லை. வீட்டுக்கு வந்தால் கோயமுத்தூரிலிருந்து லோகுவின் போன்.

"அக்கா, ரெண்டு இஞ்செல்லாம் சும்மா. மாமாவ நாலு இஞ்சு தூக்கச் சொல்லு. பெரிய டயரு போட்டு, மேல நாலு லைட்ட வெச்சா, பாக்கறவனுக்கு ஒரு மருவாதி வருமல்ல."

அவனுடைய ஜீப் அப்படித்தான் இருக்கும். கல்யாண மண்டபத்து முகப்பு மாதிரி அத்தனை விளக்கு. அந்த ஜீப் இதுவரை ஏறிய பெரிய மேடு அவன் வீட்டு வாசல்படிதான்.

"அப்பறம் நீ எப்படிக்கா ஏறுவே? கையில ஸ்டூல் எடுத்துட்டுத்தான் போகோணும்" என்று சிரித்தான். போனை வைத்த பிறகும் அந்தச் சிரிப்பு காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

சரி, எழுதிவிடுகிறேன். என்னிடமே எத்தனை நாள் மழுப்புவது.

ஆடி மாதத்தில் ஒரு சனிக்கிழமை. இவர் வாரா வாரம் நடக்கும் ஓய்வு பெற்றோர் சங்கக் கூட்டத்துக்கு மொபெட்டில் போய்விட்டார். போனை வழக்கம்போல் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனார். பக்கத்துத் தோப்புக்காரர் கூப்பிட்டு, உங்கள் மோட்டார் காலையிலிருந்து ஓடுகிறது, தண்ணீர் ரோட்டுக்கு வந்துவிட்டது என்றார். பள்ளத்தைத் தாண்டி எந்த ஆட்டோவும் வராது. கார் சாவி ஆணியில் தொங்கியது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு எடுத்தேன்.

தண்ணீருக்குள் இறங்கும்போது தெரிந்த சாமி பேரையெல்லாம் சொன்னேன். அக்கரை ஏறினதும் சாமிகளை மறந்துவிட்டேன். மோட்டாரை நிறுத்திவிட்டுத் தென்னைக்கு அடியில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன். நல்லவேளை, யாரும் பார்க்கவில்லை. அடுத்த சனிக்கிழமை மோட்டார் ஓடவில்லை. ஆனாலும் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு வரலாமே என்று போனேன். அதற்கடுத்த சனிக்கிழமையும் அதே சந்தேகம் வந்தது.

வண்டி ரெண்டு இஞ்சு உயர்ந்தால் இதற்கெல்லாம் முடிவு வந்துவிடும். என் உயரம் ஐந்தடிக்கு ஓர் இஞ்சு குறைவு. இப்போதே சேலையைச் சொருகிக்கொண்டு, கதவைப் பிடித்து, ஒரு குதி குதித்துத்தான் ஏறுகிறேன். இன்னும் உயர்ந்தால் லோகு சொன்ன ஸ்டூல்தான். இத்தனை வயதில் எனக்கே எனக்கென்று கிடைத்தது அந்தச் சனிக்கிழமை ஒன்றுதான். அதை நான் விடுவதாக இல்லை. வண்டியைத் தூக்கவும் விடுவதாக இல்லை.

அக்டோபர் 21, சனி

மோட்டார் ஓடவில்லை.

பள்ளத்துக்கு இந்தப் பக்கம், மேட்டில், ஆறுச்சாமி டீக்கடை இருக்கிறது. நான் அங்கே நிறுத்துவதே இல்லை, கண்ணாடியைக்கூட இறக்குவதில்லை. ஊர் வாய் மொத்தமும் அந்தப் பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கும். திரும்பி வந்து வண்டியைக் கழுவி, சீட்டைப் பின்னால் தள்ளி, பின்னால் பார்க்கும் கண்ணாடியைப் பழையபடி உயர்த்தி வைத்தேன்.

இவர் சாயங்காலம் கீரை வடை வாங்கிக்கொண்டு வந்தார். சங்கத்தில் கூட்டம் முடிந்ததும் கொடுக்கிறார்களாம். ஓய்வு பெற்றவர்களை நன்றாகத்தான் கவனிக்கிறார்கள்.

அக்டோபர் 22, ஞாயிறு

போரைத் தொடங்கிவிட்டேன். வடைக்கு ஊறப்போட்ட பருப்பு ஊறும்வரை இவரை அடுப்படிக்கு அழைத்து, அரிவாள்மணைப் பலகையைச் சாய்த்து வைத்தேன். அதன்மேல் குட்டையான உப்பு ஜாடியை வைத்தேன். நின்றது. உயரமான சேமியா டப்பாவை வைத்தேன். விழுந்தது.

"பாத்தீங்களா. ஒசரம் ஏற ஏற ஈர்ப்பு மையம் மேல போயிரும். சரிவுல சாஞ்சுரும். கணக்கு பொய் சொல்லாதுங்க."

கவனமாகப் பார்த்தார். "அப்ப பள்ளத்துல கோணலா எறங்கக் கூடாது, நேராத்தான் எறங்கோணும்ங்கறே."

"ஆமாங்க."

"எடது பக்கமாவா, வலது பக்கமாவா?"

"வலதுதாங்க. எடது பக்கந்தான் கல்லு" என்றவள் நாக்கைக் கடித்துக்கொண்டேன். "கல்லு கெடக்குதுன்னு டிராக்டர்க்கார மாரப்பன் சொன்னானுங்க."

"மாரப்பன் சொன்னாச் செரியாத்தான் இருக்கும்" என்றபடி சிதறிய சேமியாவைப் பொறுக்கிக் கொடுத்தார். நல்லவேளையாக இவருக்கு எதையும் தோண்டித் துருவும் பழக்கம் இல்லை.

அக்டோபர் 29, ஞாயிறு

இவருக்குப் புதுப் பழக்கம் ஒன்று வந்திருக்கிறது. பேப்பரை வாய்விட்டுப் படிக்கிறார். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறேன். எதிரே உட்கார்ந்து, "கல்லுப் பாதையில போறப்ப டயர்ல காத்தக் கொஞ்சம் கொறச்சுக்கிட்டா நல்லாப் புடிச்சு ஏறுமாமா. திரும்பி ரோட்டுக்கு வந்ததும் மறுக்கா அடிச்சுக்கோணுமாமா" என்று படித்தார். பக்கத்தைத் திருப்பினார். "தண்ணிக்குள்ள நடுவால கியர் மாத்தக் கூடாதாமா. மெதுவா, ஒரே வேகமா."

எந்தப் பேப்பரில் இதெல்லாம் வருகிறது என்று பிறகு புரட்டிப் பார்த்தேன். கிடைக்கவில்லை. நீத்தார் அறிவிப்பும் நகைக்கடை விளம்பரமும்தான் இருந்தன.

நவம்பர் 4, சனி

காற்றைக் குறைத்தது நன்றாக வேலை செய்கிறது.

நவம்பர் 5, ஞாயிறு

நேற்று ஒரு தப்பு நடந்துவிட்டது. சீட்டைப் பின்னால் தள்ள மறந்துவிட்டேன். கோயிலுக்குப் போகலாம் என்று ஏறிய மனிதர், முழங்கால் இரண்டும் நெஞ்சில் முட்ட, ஸ்டீயரிங்குக்குள் சிக்கிக்கொண்டார்.

"சீட்டு தானா முன்னால நகந்துக்குது பாரு" என்றார். "நட்டு லூசாயிருக்கும்."

"ஆமாங்க. பழைய வண்டிதான" என்றேன்.

கோயில் வரைக்கும் ஏதோ பாட்டை மூக்கால் முனகிக்கொண்டே வந்தார்.

நவம்பர் 8, புதன்

பள்ளிக்கூடம் விட்டதும் ஜாகீர் பாயின் ஒர்க்‌ஷாப்புக்கு என்னையும் அழைத்துக்கொண்டு போனார். நான் எதற்கு என்றதற்கு, சும்மா வா என்றார்.

பாய் வண்டியை மேலே ஏற்றி அடியைக் காட்டினார். நசுங்கிய தகட்டை நான் அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன். அந்தக் கல் நன்றாகவே வேலை பார்த்திருந்தது.

"நாலு இஞ்சு தூக்கலாம்னு மச்சினன் சொல்றான்" என்று இவர் ஆரம்பித்தார்.

"வேண்டாங்க சார். இது ஜீப்பு இல்ல. ரெண்டுக்கு மேல போனா சக்கரத்துக்குப் போற ஆக்சில் கோணிக்கும். மூட்டு சீக்கரம் தேஞ்சு போயிரும்."

"ரெண்டு இஞ்சுன்னா எத்தன டிகிரி கோணும்?" என்று கேட்டது நான்தான். வாய் சும்மா இருக்கவில்லை.

பாய் என்னைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். "நீங்க டீச்சர்கிட்டயே சொல்லுங்க பாய். எனக்குக் காது கொஞ்சம் மந்தம்" என்று சொல்லிவிட்டு இவர் வெளியே போய் நின்றுகொண்டார். காதில் என்ன கோளாறு, டாக்டரிடம் காட்ட வேண்டும். பாய் அரை மணிநேரம் எனக்குப் பாடம் எடுத்தார். நல்ல ஆசிரியராக வந்திருக்க வேண்டியவர்.

அடுத்த புதன்கிழமை கொண்டுவரச் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் காலண்டரைக் கையில் எடுத்தேன். "ஏனுங்க, அன்னைக்கு உங்களுக்குச் சந்திராஷ்டமம். இரும்பு வேலை ஆகவே ஆகாதுங்க."

"அப்படியா. செரி, தள்ளிப் போட்டுக்கலாம்" என்றார். ஜாதகத்தை மதிக்கும் மனிதர் அல்லர். வயதாக ஆக பக்தி வருகிறது போலும்.

நவம்பர் 12, ஞாயிறு, தீபாவளி

லோகு குடும்பத்தோடு ஜீப்பில் வந்தான். சாப்பாட்டு வேளையில் குழந்தைகளுக்குக் கேட் கதையைச் சொன்னான். ரிவர்ஸில் நான் எப்படிக் கழுத்தைத் திருப்பினேன் என்று நடித்தும் காட்டினான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதிரசத்தை இலை ஓரமாக ஒதுக்கி வைத்தேன்.

இவர் இலையிலிருந்து தலையைத் தூக்காமல், "அந்தத் தூணுக்குச் சிமிட்டி பத்துல மாப்ள. யாரு தொட்டிருந்தாலும் சாஞ்சிருக்கும்" என்றார். இத்தனை வருஷம் கழித்துச் சொல்கிறார். அன்றைக்கே சொல்லியிருக்கக் கூடாதா?

நவம்பர் 25, சனி

முழுக்க நனைந்து வந்து, தலை துவட்டிக்கொண்டு எழுதுகிறேன்.

இரண்டு நாள் மழைக்குப் பிறகு பள்ளத்தில் தண்ணீர் கலங்கி ஓடியது. போகும்போது வலது பக்கமாகச் சுலபமாகப் போய்விட்டேன். வரும்போது மறுபடி மழை பிடித்து, தண்ணீர் கொஞ்சம் ஏறியிருந்தது. நடுவில் குறுக்கே, மண் அரித்துப் புதிதாக வெளியே வந்த ஒரு பாறைத் திட்டு. முன்சக்கரம் அதைத் தாண்டியது, பின்சக்கரம் தாண்டவில்லை. வயிறு பாறைமேல் உட்கார்ந்துவிட்டது. நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் வண்டிதான். நான்கும் சேர்ந்து சுற்றின. வண்டி மட்டும் அசையவில்லை. இறங்கி, மழையில் நனைந்துகொண்டே குனிந்து பார்த்தேன்.

பயந்துவிட்டேன். மறைக்க ஒன்றும் இல்லை, நன்றாகப் பயந்தேன். போன் எடுத்தால் யாரைக் கூப்பிடுவது? இவரைக் கூப்பிடலாம் என்றால் இவர் போன் வீட்டு மேசைமேல் கிடக்கும். லோகுவைக் கூப்பிடுவதற்குப் பதில் தண்ணீரோடு போய்விடலாம்.

பார்த்தால், யாரும் கூப்பிடாமலே மாரப்பன் டிராக்டரோடு மேட்டிலிருந்து இறங்கி வருகிறான்.

"டீச்சரம்மா, ஸ்டீரிங்க நேரா மட்டும் புடிச்சுக்குங்க. வேற ஒண்ணும் பண்ண வேண்டாம்" என்று கயிற்றை மாட்டி இழுத்தான். ஐந்து நிமிஷத்தில் கரையில் நின்றேன்.

"சரியான நேரத்துக்கு வந்தே மாரப்பா."

"சும்மா இந்தப் பக்கமா வந்தனுங்க."

"சார்கிட்டச் சொல்லிராதப்பா."

"நா எதுக்குங்க சொல்றேன்" என்றான், டீக்கடை மேட்டைப் பார்த்துக்கொண்டே. பிறகு, "நனஞ்சு போயிட்டீங்க. ஆறுச்சாமி கடையில சூடா கீரை வடை போட்டிருக்கான், வாங்கிட்டு வரட்டுங்களா?" என்று கேட்டான். வேண்டாம் என்று அவசரமாக வந்துவிட்டேன்.

இவர் சாயங்காலம் வந்தபோது சட்டை ஈரமாக இருந்தது. கையில் கீரை வடை. கீரை வடை எல்லா ஊரிலும்தான் சுடுகிறார்கள்.

நவம்பர் 26, ஞாயிறு

கார்த்திகைத் தீபத்துக்கு விளக்கு துடைத்து அடுக்கினேன். கார் டிக்கியில் எண்ணெய் டின் இருக்கிறதா என்று பார்க்கத் திறந்தால், புத்தம்புது இழுவைக் கயிறு. பக்கத்தில் ஒரு மரப்பலகை. ஒரு ஜோடி ரப்பர் செருப்பு, வழுக்காத ரகம்.

"இதெல்லாம் எதுக்குங்க?"

"கெடக்கட்டும். மழைக்காலமல்ல."

செருப்பு என் அளவு. கடைக்காரன் தவறாகக் கொடுத்துவிட்டான் போல. இவர் காலுக்கு அதில் கட்டைவிரல்கூட நுழையாது. மாற்றி வாங்கச் சொல்ல நினைத்தேன், மறந்துவிட்டேன்.

டிசம்பர் 2, சனி

தண்ணீர் வடியவில்லை. போகவில்லை. வீட்டிலேயே உட்கார்ந்து வினாத்தாள் பின்பக்கத்தில் வண்டியை வரைந்தேன். முன்சக்கரம் தரையைத் தொடும் இடத்திலிருந்து வயிற்றின் நடுவுக்கு ஒரு கோடு, அங்கிருந்து பின்சக்கரத்துக்கு ஒரு கோடு. கோணமானியை வைத்துப் பார்த்தேன். அந்தப் பாறைத் திட்டு இந்தக் கோணத்துக்குள் அடங்காது. நான் எவ்வளவு சாமர்த்தியமாக ஓட்டினாலும் அடங்காது. ரெண்டு இஞ்சு ஏற்றி மறுபடி வரைந்தேன். அடங்குகிறது.

இரண்டு தடவை சரிபார்த்துவிட்டேன். விடை மாறவில்லை. ஏற்றாவிட்டால் என்னால் தாண்ட முடியாது. ஏற்றினால் என்னால் ஏற முடியாது. இப்படி ஒரு கணக்கை நான் எந்தப் பிள்ளைக்கும் கொடுத்ததில்லை.

யோசித்துப் பார்த்ததில், ஏற முடியாததற்கு வழி உண்டு. கல்லின்மேல் நின்று ஏறலாம், திண்டுமேல் நின்று ஏறலாம், ஸ்டூலே எடுத்துக்கொண்டு போகலாம். லோகு சிரித்தால் சிரிக்கட்டும்.

டிசம்பர் 3, ஞாயிறு

"ஏனுங்க, அந்த ரெண்டு இஞ்சு விசயத்த யோசிச்சுப் பாத்தனுங்க. தூக்கிரலாமுங்க" என்றேன்.

பேப்பரை இறக்காமலே பதில் வந்தது. "வேண்டாம் அம்மிணி. நீ சொன்னதுதான் செரி. ஈர்ப்பு மையம் மேல போயிரும்."

"ரெண்டு இஞ்சுக்கு ஒண்ணும் ஆகாதுங்க."

"சேமியா டப்பா உழுந்துதே."

"அது டப்பாவுங்க. இது வண்டி."

"சந்திராஷ்டமம் வேற."

"அது போன மாசத்தோட முடிஞ்சுதுங்க."

பேப்பர் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. மின்விசிறிக் காற்றாக இருக்கும். "அதெல்லாம் கெடக்கட்டும். அத்தன ஒசரத்துல நீ எப்படி ஏறுவே?"

"நீங்க ஒரு கை குடுக்க மாட்டீங்களா?"

"கை குடுக்க எப்பவும் நான் பக்கத்துல இருப்பனா?"

ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக இப்படிப் பேசினால் எப்படி? எனக்குக் கோபம் வந்துவிட்டது. இன்னும் முப்பது வருஷம் இருப்பீங்க, அபசகுனமாகப் பேசாதீங்க என்று கத்திவிட்டேன். பேப்பர் இன்னும் அதிகமாக ஆடியது.

டிசம்பர் 13, புதன்

அரையாண்டுத் தேர்வுத் தாள் ஒரு கட்டு வீட்டுக்கு வந்திருக்கிறது. முக்கோணத்துக்கு ஒருத்தி நான்கு கோணம் போட்டிருக்கிறாள். கார் பற்றி இவர் வாயே திறப்பதில்லை. நானாகப் போய் எத்தனை முறை கேட்பது.

டிசம்பர் 17, ஞாயிறு

மறுபடி கேட்டுவிட்டேன். "மார்கழி பொறந்துருச்சே அம்மிணி. மார்கழியில யாராச்சும் புது வேலை தொடங்குவாங்களா?" என்கிறார். இதை யார் சொல்வது? கார்த்திகை மாதம் வீட்டுக் குழாயை மாற்ற நல்ல நாள் பார்த்த என்னைக் கேலி செய்த மனிதர்.

"இது புது வேலை இல்லீங்க, ரிப்பேரு" என்று வாதாடிப் பார்த்தேன். சாஸ்திரத்தில் அப்படி இல்லை என்று சொல்லிவிட்டார். வாசலில் கோலம் போடும்போது சாணிப் பிள்ளையாரிடம் முறையிட்டேன். எல்லாம் என் வாயால் வந்த வினை.

ஜனவரி 6, சனி

போனேன். பள்ளத்துக்கு இந்தப் பக்கமே நிறுத்தி, அந்தப் பாறையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன். அழுகை வருகிற மாதிரி இருந்தது. மோட்டார் ஓடினால் ஓடட்டும்.

ஜனவரி 14, ஞாயிறு, போகி

பழைய பாயையும் உடைந்த முறத்தையும் வாசலில் போட்டுவிட்டுத் திரும்பினால் காரைக் காணோம். இவரையும் காணோம். பொங்கல் சாமான் வாங்கப் போயிருப்பார் என்று நினைத்தேன். மத்தியானம் பஸ்ஸில் வந்து இறங்கினார், கையில் ஒரு கட்டுக் கரும்போடு.

"வண்டி எங்கீங்க?"

"பாய்கிட்ட. பழைய ஸ்பிரிங்கப் போகிக்குக் கழட்டியாச்சு. தை பொறந்ததும் புதுச மாட்டிருவாரு. சாஸ்திரத்துக்கு ஒரு கொறையும் இல்ல."

கரும்பை வாங்கிச் சுவரில் சாய்த்தேன்.

ஜனவரி 16, செவ்வாய், மாட்டுப் பொங்கல்

எங்களுக்கு மாடு இல்லை. அதனால் வருஷா வருஷம் வண்டிக்குத்தான் மஞ்சள், சந்தனம், மாலை. நேற்று பொழுது சாய்ந்துதான் கார் வந்து சேர்ந்தது. காலையில் கிண்ணத்தில் சந்தனம் குழைத்துக்கொண்டு போனபோதுதான் நன்றாகப் பார்த்தேன். ரெண்டு இஞ்சு என்பது கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியவில்லை. அடியில் குனிந்து பார்த்தால் தெரிகிறது. புதுத் தகடும் போட்டிருந்தது.

இடது பக்கக் கதவுக்குப் பொட்டு வைத்துவிட்டுச் சுற்றிக்கொண்டு வலது பக்கம் வந்தேன். டிரைவர் கதவுக்குக் கீழே ஒரு படி. கறுப்பு இரும்பு, மேலே ரப்பர் ஒட்டி, சேலை சிக்காத மாதிரி விளிம்பை மடக்கியிருந்தார்கள்.

மறுபடி இடது பக்கம் போய்ப் பார்த்தேன். அங்கே படி இல்லை.

இவர் மாலையைக் கையில் வைத்துக்கொண்டு எதுவும் தெரியாதவர் போல நின்றார்.

"எடது பக்கத்துக்குப் படி வைக்க மறந்துட்டாங்களா?" என்று கேட்டேன்.

"எடது பக்கம் நானல்ல ஒக்காரப் போறேன். எனக்கு எதுக்குப் படி?"

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"சீட்டு தானா நகர்ற வண்டிய எந்த ஊர்லயாவது பாத்திருக்கியா அம்மிணி?" என்று சொல்லிவிட்டு மாலையை முன்னால் கட்டப் போய்விட்டார்.

உள்ளே வந்து அடுப்படியில் நின்றேன். அழுகையும் வந்தது, வெட்கமும் வந்தது, சிரிப்பும் வந்தது. பால் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்துவிட்டது. எலுமிச்சம்பழம் எடுத்துக்கொண்டு போய்ச் சக்கரத்துக்கு அடியில் வைத்தேன். "ஏறி நசுக்கு" என்றார். நசுக்கினேன்.

ஜனவரி 17, புதன், பூப்பறிக்கிற நோம்பி

லோகு குடும்பத்தோடு வந்திருந்தான். எல்லோரும் தோப்புக்குப் போய்ச் சாப்பிடுவதாக ஏற்பாடு. அவன் ஜீப்பை ரோட்டில் நிறுத்திவிட்டு, மாமா வண்டியை எத்தனை இஞ்சு தூக்கினார் என்று பார்க்கக் கேட்டுக்கு வெளியே நின்றான். குழந்தைகளும் நின்றார்கள்.

இவர் பலகாரத் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு இடது பக்கம் ஏறி உட்கார்ந்தார். இத்தனை வருஷமாக நான் வைத்துக்கொண்ட மாதிரியே அதை மடியில் வைத்துக்கொண்டார்.

"மாமா, அந்தப் பக்கம் ஏன் ஏறிட்டீங்க?" என்று லோகு கத்தினான்.

நான் சேலையைச் சொருகிக்கொண்டு படியில் கால் வைத்து ஏறினேன். குதிக்க வேண்டியிருக்கவில்லை. லோகு சட்டென்று குழந்தைகளைப் பிடித்து இழுத்துக்கொண்டு தூணுக்குப் பின்னால் போய் நின்றான். அதே தூண்.

ரிவர்ஸ் போட்டேன். இவர் என்னைப் பார்க்கவில்லை. கண்ணாடியைப் பார்க்கவில்லை. பார்த்துப் பார்த்து என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. தூக்குப்போசியைத் திறந்து ஒரு வடையை எடுத்துக் கடித்துக்கொண்டிருந்தார். வண்டி கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு வரும்வரை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு தூணும் அப்படியே நின்றன.

"அக்கா" என்றான் லோகு. அதற்கு முன்னால் எதையும் சேர்க்கவில்லை.

மேட்டில் அவனுக்கு டீ வேண்டுமாம். முதன்முதலாக ஆறுச்சாமி கடையில் வண்டியை நிறுத்தினேன். ஆறுச்சாமி கீரை வடைத் தட்டை நீட்டிக்கொண்டு ஓடி வந்தான். இவரைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்லாகிவிட்டது.

"என்னங்க சார், இன்னைக்கு வண்டிக்குள்ளயே வந்துட்டீங்க? உங்க பெஞ்சு காலியாத்தான இருக்குது."

இவர் அவசரமாக வடையை வாய்க்குள் திணித்துக்கொண்டார். நான் இறங்கிப் போய் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். பள்ளம் முழுவதும் தெரிகிறது. நான் இறங்கும் இடம், ஏறும் இடம், இடது கரைக் கல், நடுப் பாறை, எல்லாம் தெரிகின்றன. மாரப்பன் டிராக்டரை நிறுத்தும் வேப்பமரம் பெஞ்சிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது.

கணக்கு டீச்சர் நான். இத்தனை சனிக்கிழமை வடையைத் தின்றும் கூட்டிப் பார்க்கவில்லை.

லோகுவின் ஜீப் முதலில் இறங்கி உறுமிக்கொண்டு போனது. நான் வலது பக்கமாக, நேராக, கியர் மாற்றாமல் இறங்கினேன். நடுப் பாறை அடியில் வந்தபோது மூச்சைப் பிடித்துக்கொண்டேன். இடிக்கவில்லை. பக்கத்தில் இவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார் என்பது அவர் விட்டபோதுதான் தெரிந்தது.

தோப்பில் குழந்தைகள் ஆவாரம்பூ பறிக்கப் போய்விட்டார்கள். இவர் இளநீர் சீவிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு கேட்டேன்.

"வர்ற சனிக்கெழம உங்களுக்குச் சங்கக் கூட்டம் உண்டுங்களா?"

"இல்ல அம்மிணி" என்றார். "சங்கத்தக் கலைச்சாச்சு."